கரையைப் பார்த்து மீன் தேடியவர்கள்

கடலுக்குள் போனவனுக்கு ஊர் என்பது நாலைந்து உச்சிகள்தான். சென்னை நொச்சிக்குப்பத்திலிருந்து கட்டுமரம் தள்ளிப் புறப்பட்டால் முதலில் மணல் மறையும். அப்புறம் வலை காயும் இடம், அப்புறம் குடியிருப்பின் மாடிகள். கலங்கரை விளக்கமும் சாந்தோம் தேவாலயத்தின் கூர்முனையும் மட்டும் கடைசிவரை நிற்கும். பூமி உருண்டையாக இருப்பதால் வரும் கணக்கு இது. கட்டுமரத்தில் எழுந்து நிற்பவனின் கண் நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். அந்தக் கண்ணுக்கு எட்டும் கடல் நாலரை கிலோமீட்டர். 155 அடி உயரமுள்ள சாந்தோம் கோபுர முனையோ, கணக்குப்படி பார்த்தால், அவனுக்கு 29 கிலோமீட்டர் தள்ளியும் தெரியலாம். உப்புக்காற்றும் தூசியும் அதில் பாதியைத் தின்றாலும், கடல்பரப்பில் அவன் கண்ணுக்கு எட்டுவதைவிட அது தூரம்.

மீனோ தண்ணீருக்கு அடியில். அடியிலிருக்கும் பாறைக்கு மேலே பலகை எழுதித் தொங்கவிட முடியாது. அதனால் அவன் கடலுக்கு முதுகைக் காட்டிக் கரையைப் பார்க்கிறான். அருகிலுள்ள ஓர் உச்சியும் அதற்குப் பின்னால் தொலைவிலுள்ள இன்னோர் உச்சியும் ஒரே நேரில் வந்து நின்றால் ஒரு கோடு. சாந்தோம் முனைக்கு நேர் பின்னே பரங்கிமலை வந்து உட்காருவதை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். வேறு திசையில் இன்னொரு ஜோடி நேருக்கு வந்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கு. ஒரு ஜோடி கொஞ்சம் விலகினாலும் பாறை தப்பிவிடும், சில சமயம் வலையே பாறையில் சிக்கிக் கிழியும். அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்த சொத்தில் கட்டுமரத்தைவிட இந்த ஜோடிகள்தான் மதிப்பு அதிகம். பக்கத்துக் குப்பத்துக்காரன் காதில் விழாமல் சொல்லிக்கொடுக்க வேண்டிய சங்கதி.

கண் ஒரு பொருளைத் தேடும்போது அதற்கு வழிகாட்டுவது எது என்று கேட்டால், பாடப்புத்தகங்கள் கணினித் திரையில் சிதறிய புள்ளிகளிலிருந்து தொடங்குகின்றன. இந்தக் கரையிலிருந்து தொடங்கினால் இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: அந்த வழிகாட்டியை நட்டுவைத்தது யார், யாருக்காக?

மீனவனுக்காக யாரும் நடவில்லை. சென்னையின் முதல் விளக்கு 1796இல் கோட்டைக் கட்டடம் ஒன்றின் உச்சியில் ஏறியது. இரண்டாவது, 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் எழுந்த கல்தூண். மூன்றாவது, 1894இல் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திலேயே. நான்காவதுதான் 1977இல் நொச்சிக்குப்பத்தின் வாசலில் வந்து நின்ற இந்தச் சிவப்பு வெள்ளைக் கோபுரம். நான்கும் வணிகக் கப்பலுக்காக. சாந்தோம் முனை 1896இல் ஆண்டவனுக்காக, கபாலி கோயில் ராஜகோபுரம் 1906இல் ஈஸ்வரனுக்காக, மவுண்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடம் 1959இல் காப்பீட்டுக்காக. ஊரார் தத்தம் காரியத்துக்காகக் கட்டிய உயரங்களை எல்லாம் கடலில் இருந்தவன் தன் காரியத்துக்கு எடுத்துக்கொண்டான். காசு கேட்காத ஒரு பொதுச்சொத்து அது. இன்று ஒரு அடுக்குமாடி இடையில் எழுந்து பின்னுச்சியை மறைத்தால் ஒரு கோடு போய்விடும். கட்டட அனுமதிக் கோப்பில் அந்த நஷ்டத்துக்குக் கட்டம் கிடையாது.

வேறொருவரின் தேடலுக்கும் இதே அடையாளம் பயன்பட்டிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கார்ல் ஃபான் முல்லரின் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் சென்னையை நோக்கி வந்தபோது, உயர் நீதிமன்றத்துக் கோபுர விளக்கு வழக்கம்போல் எரிந்துகொண்டிருந்தது. கப்பல்கள் வழி கண்டுபிடிக்க வைத்த வெளிச்சம், எதிரிக் கப்பலுக்கும் வஞ்சனையில்லாமல் வழி காட்டியது. துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டரில் நின்று தேடு விளக்கைப் போட்டதும் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பளிச்சென்று தெரிந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள், தீப்பிடித்த தொட்டிகள், சில உயிர்கள். சேதத்தைவிடப் பீதி பெரிது. சனங்கள் மூட்டைகட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். ஒரு பொருளை எளிதில் கண்டுபிடிக்கும்படி வைப்பவர், யார் கண்டுபிடிப்பது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்திருக்கும். அடுத்த உலகப் போரில் நகரம் விளக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கண்ணின் கட்டமைப்பு எப்படி என்று இங்கே ஒரு வார்த்தை. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு சமயத்தில் உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான், இரண்டு டிகிரி. மற்றதெல்லாம் மங்கல், மூளை நிரப்பிக் காட்டுவதால் முழுவதும் தெரிவதாக நினைத்துக்கொள்கிறோம். கண் ஒரு நொடிக்கு மூன்று, நான்கு முறை தாவித் தாவி நிற்கிறது. எதிரே விரிந்த கடலின் அரைவட்டத்தை நகம் நகமாக ஒரே ஒரு வரி பார்த்து முடிக்கவே அரை நிமிடம் ஆகும். அதற்குள் அலை இடம் மாறியிருக்கும். ஆக, வரிசையாகப் பார்த்து மீன் கூட்டத்தைக் கண்டுபிடித்தவர் எவரும் இருக்க முடியாது. ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் கீழே விழுகின்றனவா, தண்ணீரின் நிறம் ஒரு திட்டாகக் கறுத்திருக்கிறதா, காற்றே இல்லாத இடத்தில் மேல்நீர் மட்டும் சிலுசிலுக்கிறதா, இருட்டில் தண்ணீருக்குள் வெளிச்சம் ஓடுகிறதா, இதற்குத்தான் கண் காத்திருக்கிறது. மீனை யாரும் தேடுவதில்லை, மீன் இருந்தால் என்ன நடக்குமோ அதைத் தேடுகிறார்கள்.

கோலா மீன் பிடிப்பில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள் சோழமண்டலக் கரைக்காரர்கள். இலைதழைக் கட்டுகளைக் கடலில் மிதக்கவிடுவார்கள். முட்டையிட ஏதாவது பற்றுக்கோடு கிடைக்காதா என்று அலையும் கோலாக்கள் அதைக் கண்டு கூடும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை எழுதிவைத்திருக்கிறார். தேடும் வேலையை மீனிடமே தள்ளிவிட்ட சாமர்த்தியம் எனக்கு எந்த ஆய்வகத்துச் சோதனையையும்விடப் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் ஆய்வகம் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. நொச்சிக்குப்பத்து மீன் பலகையின் முன் நின்றாலே அதைச் சோதித்துப் பார்க்கலாம். வெள்ளிநிறக் கவலைக் குவியலுக்குள் ஒரு சிவந்த சங்கரா கிடந்தால், கவலை பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும் அது கண்ணில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதே குவியலில் ஒரு மத்தி கலந்திருந்தால்? இதுவும் வெள்ளி, அதுவும் வெள்ளி. ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும், குவியல் பெருகப் பெருக நேரமும் பெருகும். 1980இல் ஆன் டிரீஸ்மன், கேரி கெலேட் இருவரும் எழுதிய கட்டுரையின் சாரம் கிட்டத்தட்ட இதுதான்: ஒற்றைக் குணத்தில் வேறுபடும் பொருள் தானே முன்வந்து நிற்கும், குணங்கள் கலந்து கிடந்தால் கவனம் ஒவ்வோர் இடமாகப் போய்வர வேண்டும்.

ஒன்பது ஆண்டு கழித்து ஜெரமி வுல்ஃப் குழுவினர் அதைத் திருத்தினார்கள். கவனம் குருட்டாம்போக்கில் வரிசை பிடித்துப் போவதில்லை, முதல் பார்வையிலேயே கிடைத்த அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு எங்கே முதலில் போவது என்று முன்னுரிமை போட்டுக்கொள்கிறது என்றார்கள். 2017இல் வுல்ஃபும் டாட் ஹோரோவிட்ஸும் வழிகாட்டும் காரணங்களை ஐந்தாக வகுத்தார்கள்: தானே பளிச்சிடுவது, தேடும் பொருளின் குணங்கள் மனத்தில் இருப்பது, இடத்தின் அமைப்பு, சற்றுமுன் கண்டது, கண்டால் கிடைக்கும் பலன். குப்பத்தில் தொழில் செய்கிறவருக்கு இந்த ஐந்தும் புதிதில்லை. மீன் விற்கும் அம்மாவுக்கு முதல் இரண்டும் அத்துபடி. “செவுளைத் தூக்கிப் பாருங்கண்ணே” என்று அவர் விரலால் திறந்து காட்டும்போது உங்கள் கண் அந்தச் சிவப்பில் போய் நின்றுவிடுகிறது. மீனின் கண் குழிவிழுந்திருக்கிறதா, வயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க மறந்து பைக்குள் கையைவிடுகிறீர்கள்.

தேடலின் இன்னொரு பக்கம், கிடைக்காததைத் தேடிக்கொண்டே இருப்பது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரை முன் உட்கார்ந்தவர்கள் நேரமாக ஆக எதிரியின் தடயத்தைக் கோட்டைவிட்டார்கள். நார்மன் மாக்வொர்த் அதை ஒரு கடிகார முள்ளை வைத்துச் சோதித்தார். எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும் முள் அது. முதல் அரை மணிக்குள்ளேயே பார்ப்பவர்களின் விழிப்பு இறங்கிவிடுவதை 1948இல் எழுதினார். வுல்ஃப் குழுவின் 2005ஆம் ஆண்டுச் சோதனை இன்னும் சங்கடமானது. தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது, இருந்தும் தவறவிட்டது 7 விழுக்காடு; நூறு படங்களில் ஒன்றில் மட்டும் இருந்தபோது 30 விழுக்காடு. கண்ணில் குறையில்லை, பொருளும் மாறவில்லை. அரிதாக இருப்பதாலேயே அது கண்ணில் படாமல் போகிறது.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியக் கடற்கரையெங்கும் மீனவர்களை நாட்டின் கண்ணும் காதுமாக இருக்கச் சொல்கிறார்கள். நூறு வருடத்தில் ஒருநாள் வரக்கூடிய ஒரு படகைக் காத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் கண் அசந்துவிடும் என்பதைத்தான் மேலே உள்ள எண்கள் சொல்கின்றன. மீனவனின் பலம் வேறு இடத்தில். அவன் எதிரியைத் தேடுவதில்லை. வழக்கமாக அந்தத் தண்ணீர் எப்படி இருக்கும், எந்தப் படகு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் போகும் என்று அவனுக்குத் தெரியும். மாறி இருப்பது தானாக உறுத்தும். அவனை அடையாள அட்டை கேட்டு நிறுத்துவதோடு முடித்துக்கொண்டு, இந்த அறிவைக் கேட்டு வாங்கும் ஏற்பாடு சரியாக நடக்கவில்லை என்பது என் குறை.

ஒக்கி புயலில் இது உயிர்ப் பிரச்சினையாக வெளிப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடந்துபோனது. ஆழ்கடலில் இருந்தவர்களைத் தேடக் கப்பலும் விமானமும் போயின. கரையில் இருந்தவர்களோ, தேடுகிற இடம் சரியில்லை, எங்கள் ஆட்கள் எந்தப் பக்கம் தொழிலுக்குப் போனார்கள், காற்றும் நீரோட்டமும் எங்கே தள்ளியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும், எங்களை ஏற்றிக்கொண்டு போங்கள் என்று மன்றாடினார்கள். சிலர் பொறுக்கமாட்டாமல் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். பிறகு உள்ளூர் மீனவர்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேடல் நடந்தது. அந்த நாட்கள் வீணானது விமானத்தின் கேமரா மங்கலாக இருந்ததால் இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தவர்கள் கரையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்க உதாரணமும் சென்னைக் கடலிலேயே இருக்கிறது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய விமானப்படையின் ஏ.என்.32 வங்கக் கடலுக்கு மேல் மறைந்தது. கப்பல்கள், விமானங்கள், நீர்மூழ்கி என்று தேடியும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாத ஆழ்கடல் ஊர்தி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 140 கடல் மைலில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைப் படம் எடுத்தது. அவை அந்த விமானத்துடையவையாக இருக்கலாம் என்று 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். இந்தத் தேடலுக்கு எந்த மீனவனின் கண்ணும் உதவியிருக்காது. ஒலியால் தரையைத் தடவிப் பார்த்த கருவிதான் கண்டது. இயந்திரத்தைப் பழிப்பது என் வேலையில்லை. ஏழரை ஆண்டு கழித்து அந்தக் குடும்பங்களுக்கு ஒரு பதிலாவது கிடைத்ததே.

குப்பத்துக்குள்ளும் இயந்திரம் எப்போதோ வந்தாயிற்று. சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகு பெருகியது, எஞ்சின் வந்தது, ஜி.பி.எஸ். வந்தது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடக்கூடிய இடத்தைத் திசையும் தூரமும் ஆழமும் போட்டு அனுப்புகிறது. கரையின் இரண்டு கோடுகளும் இப்போது இரண்டு எண்கள். வசதிதான். ஒரே எண் நூறு படகுக்குக் கிடைத்தால் நூறும் அங்கேதான் போகும் என்பதையும், பெரியவர்களிடம் இருந்த ஜோடிகளை யாரும் வரைபடத்தில் ஏற்றி வைக்கவில்லை என்பதையும் வசதிக் கணக்கோடு சேர்த்தே எழுத வேண்டும்.

அதே மணலில் மனிதர் அல்லாத ஒரு தேடலும் நடக்கிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் இந்தக் கரையில் இரவு நடை போகிறார்கள். அவர்களும் ஆமையைத் தேடுவதில்லை. ஈர மணலிலிருந்து மேலேறிப் போகும் தடத்தைத் தேடுகிறார்கள். பொரித்து வெளிவரும் குஞ்சுக்கு ஒரே விதிதான் தெரியும்: வெளிச்சமான அடிவானத்தை நோக்கிப் போ. கோடிக்கணக்கான ஆண்டு அது கடலாகவே இருந்தது. மெரினாவில் அது சாலை விளக்கு. தானே பளிச்சிடுவது வழிகாட்டும் என்ற விதி இங்கே குஞ்சைக் கொல்கிறது. அதனால்தான் முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்துக் காக்க வேண்டியிருக்கிறது.

சாலையிலிருந்து கரையைப் பார்ப்பவர்களின் கதை மிச்சமிருக்கிறது. துறைமுகம் கட்டியதால் தெற்கே மணல் சேர்ந்து அகன்ற கரையை ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் உலாவும் இடமாக்கி மெரினா என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து இந்தக் கரைக்கு ஒரு காட்சி நிச்சயிக்கப்பட்டுவிட்டது: மணல், அலை, காற்று வாங்கும் மனிதர். அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் கட்டுமரமும் வலையும் மீன் பலகையும் இடைஞ்சலாகத்தான் தெரியும். 1985இல் அழகுபடுத்துவதற்காக அவற்றை அகற்றப்போய், போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தை ஒட்டிய லூப் சாலையோர மீன் கடைகளை ஆக்கிரமிப்பாகக் கண்டு உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. குப்பத்தார் சாலையில் உட்கார்ந்தார்கள். எண்பது வருடத்துக்கு மேல் தன் தலையில் விளக்கைத் தாங்கிக் கடலோடிகளுக்கு வழிகாட்டிய அதே நீதிமன்றம்.

அல்ஃப்ரட் யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் ரெப்பினின் ஓவியம் ஒன்றை வைத்துக் கண்ணசைவைப் பதிவு செய்தார். படம் ஒன்றே. இவர்களுக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டால் கண் முகங்களுக்குப் போனது. எவ்வளவு வசதியான குடும்பம் என்று கேட்டால் மேசை நாற்காலிக்குப் போனது. லூப் சாலையில் கேட்கப்பட்ட கேள்வி, வண்டி தடங்கலில்லாமல் போகிறதா என்பது. அதற்கு மீன் பலகைதான் பதிலாகக் கிடைக்கும். இந்தக் கரையில் யார் எந்த நேரத்தில் என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தால், சாலைதான் அவர்களுடைய மணலுக்குள் வந்தது என்பது தெரிந்திருக்கும்.

2024 ஆகஸ்டில் அந்தச் சாலையிலேயே 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரை, தண்ணீர், வடிகால் எல்லாம் தேவையானவைதான்; மழையில் நனைந்து விற்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் லூப் சாலை வியாபாரம் ஓடியதே காரில் போகிறவரின் கண்ணை நம்பித்தான். வேலை முடிந்து போகிறவர் மீன் வாங்கும் எண்ணத்தோடு கிளம்பியிருக்க மாட்டார். சாலையோரம் சங்கராவின் சிவப்பு தெரிந்தது, வண்டி ஓரங்கட்டியது, அவ்வளவுதான். உள்ளே வரிசை வரிசையாக ஒரே மாதிரிப் பலகைகளில் அடுக்கினால், வாசலோரக் கடைக்குக் கூட்டம், பின்வரிசைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான். எந்தக் கடை யாருக்கு என்பதைச் சுழற்சி முறையில் மாற்றுவதும், உள்ளே இருப்பதைச் சாலைக்குத் தெரியும்படி திறந்து வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் இல்லை. அடுத்த குப்பத்துக்கு அங்காடி வரைபடம் போடும் பொறியாளர், ஒரு வாரம் மாலையில் அந்தச் சாலையோரம் நின்று எந்த வண்டி எந்த இடத்தில் வேகம் குறைக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.